சொரியாசிஸ்: ஊசி மருந்துக்கு முன் ஒரு பரிசோதனை

நேயர்களுக்கு வணக்கம். முழங்கை, முழங்கால், தலை, முதுகு என்று சிவந்த திட்டுகளும் அவற்றின்மேல் வெள்ளிநிறச் செதில்களுமாக அவதிப்படுவோரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சொரியாசிஸ் என்னும் இந்தத் தோல்நோய் தொற்றுநோய் அன்று. ஒரே துண்டைப் பயன்படுத்தினாலும், ஒரே தட்டில் உண்டாலும் ஒட்டாது.

தோலின் மேலடுக்கு உயிரணுக்கள் தாமாகவே கட்டுமீறிப் பெருகுவதே இந்நோய் என்றுதான் மருத்துவர்கள் நெடுங்காலம் கருதியிருந்தனர். 1979இல் ஒரு சிறிய நிகழ்ச்சி அந்த எண்ணத்தை அசைத்தது. மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் காப்பதற்கென வந்த சைக்ளோஸ்போரின் என்னும் மருந்தை மூட்டுவாத நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்; அவர்களுள் சொரியாசிஸும் உடையவர்களின் தோல், யாரும் எதிர்பாராத வகையில், தெளிவடைந்தது. அந்த மருந்தோ டி உயிரணுக்கள் எனப்படும் வெள்ளையணுக்களை அடக்குவது. அப்படியானால் கோளாறின் வேர் நோயெதிர்ப்பு மண்டலத்தில் அல்லவா இருக்க வேண்டும்! மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை நான் எப்போதும் இங்கிருந்துதான் தொடங்குகிறேன். வேர் உள்ளே இருப்பதால்தான், மறுபடியும் சொல்கிறேன், இது தொட்டால் ஒட்டுவதில்லை.

களிம்பு, ஒளிச்சிகிச்சை, மெத்தோட்ரெக்சேட் மாத்திரை ஆகியவற்றுக்கும் அடங்காத கடும் நோய்க்கு இன்று உயிரியல் மருந்துகள் உள்ளன. இவை உயிரணுக்களில் வளர்த்தெடுக்கப்படும் புரதங்கள்; விழுங்கினால் செரித்துவிடும் என்பதால் ஊசியாகவே செலுத்துகிறோம். அடலிமுமாப் டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கிறது. செக்குகினுமாப் இன்டர்லூக்கின் 17 என்ற மற்றோர் அழற்சிப் புரதத்தைத் தடுக்கிறது. பல ஆண்டுகளாக முழுக்கைச் சட்டைக்குள் மறைந்து வாழ்ந்தவர்கள் சில மாதங்களில் தெளிந்த தோலுடன் வருவதைக் காணும் மகிழ்ச்சி பெரிது.

ஆனால் முதல் ஊசிக்கு முன்பே காசநோய்ப் பரிசோதனை செய்தாக வேண்டும். நம்மில் பலரது உடலில் காசநோய்க் கிருமி எந்த அறிகுறியுமின்றி உறங்குகிறது. அதைச் சுற்றி உடல் எழுப்பியிருக்கும் வேலியைக் கட்டிக்காப்பதும் இதே டிஎன்எஃப்தான். இன்ஃப்ளிக்சிமாப் என்னும் டிஎன்எஃப் தடுப்பு மருந்தைப் பெற்ற 70 பேருக்குக் காசநோய் வந்ததை 2001இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை எடுத்துக்காட்டியது. இன்டர்லூக்கின் 17ஐத் தடுக்கும் மருந்துகளில் இந்த ஆபத்து குறைவு. எனினும் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது. மார்பு எக்ஸ்ரேயும், தோலில் செய்யும் மாண்டூ சோதனை அல்லது இக்ரா இரத்தப் பரிசோதனையும் போதும். உறங்கும் கிருமி இருப்பதாகத் தெரிந்தால், தடுப்பு மாத்திரையைத் தொடங்கிச் சுமார் ஒரு மாதம் கழித்து ஊசியைத் தொடங்கலாம். கதவு மூடிவிட்டது என்று யாரும் மனம் தளர வேண்டாம். அவசரத்தில் இந்தப் பரிசோதனையை விட்டுவிடவும் வேண்டாம்.

விலையைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. அடலிமுமாப்புக்கு நிகரான உள்நாட்டு மருந்து 2014இலேயே இந்தியாவில் வந்துவிட்டது என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன். உடலெங்கும் சீழ்க்கொப்புளங்கள் தோன்றும் அரிய வகைச் சொரியாசிஸுக்கு, இன்டர்லூக்கின் 36 என்னும் அழற்சிப் புரதம் உயிரணுவில் வந்து பற்றும் ஏற்பியைத் தடுக்கும் ஸ்பெசோலிமாப் மருந்தை 2022இல் அமெரிக்கா அனுமதித்தது. அந்த வகையைத் தூண்டும் காரணங்களுள் ஒன்று, ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்துவது. ஆகவே அதைக் கடையில் நீங்களாக வாங்கி உண்ணாதீர்கள். ஏற்கெனவே உண்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். காய்ச்சலுடன் கொப்புளங்கள் தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வணக்கம்.