ஒரு வாளித் தண்ணீரின் எடை

நேயர்களுக்கு வணக்கம்.

கனெட்டோ ஷிண்டோ 1960-இல் எடுத்த ‘ஹடகா நோ ஷிமா’ என்ற ஜப்பானியப் படத்தைப் பற்றி இன்று பேசப்போகிறேன். வெளிநாடுகளில் ‘தி நேக்கட் ஐலேண்ட்’ என்ற பெயரில் ஓடிய கறுப்பு வெள்ளைப் படம். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். செட்டோ உள்நாட்டுக் கடலில் ஒரு குட்டித் தீவு. கணவன், மனைவி, இரண்டு ஆண் பிள்ளைகள். வேறு குடி கிடையாது, நல்ல தண்ணீரும் கிடையாது. பக்கத்துத் தீவுக்குப் படகில் போய்த் தண்ணீர் மொண்டு வந்து, மேட்டுக்குச் சுமந்துபோய்ப் பயிருக்கு ஊற்ற வேண்டும். வசனமே இல்லை. மனிதக் குரல் என்றால் பிள்ளைகள் பாடுவது, சிரிப்பு, அழுகை போன்றவைதான் கேட்கும்.

வறுமையைச் சொல்லும் படம் என்றே பலரும் இதைச் சொல்வார்கள். எனக்கு இது வேலையைச் சொல்லும் படம். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்குமோ, அந்தப் பாரத்தை நாம் உணரும் அளவுக்குத் திரையில் நேரம் கொடுத்த படம்.

தண்ணீர்ப் பஞ்சம் இயக்குநர் கற்பனை செய்ததல்ல. வடக்கே சூகோக்கு மலைகள், தெற்கே ஷிகோகு மலைகள். இரண்டு பக்கமும் மழைக்காற்றை மறித்துவிடுவதால் செட்டோ கடற்பகுதியில் மழை குறைவு. சின்னத் தீவென்றால் பெய்கிற கொஞ்சமும் சரிவில் ஓடிக் கடலில் சேர்ந்துவிடும்.

சுமக்கிற முறையைக் கவனியுங்கள். தோளில் காவடித் தண்டு, இரு முனையிலும் கயிற்றில் தொங்கும் மர வாளி. வாளிக்கு 15 லிட்டர் என்று வைத்தால்கூட 30 கிலோ. நடக்கும்போது தண்டு வளைந்து வளைந்து எழும். அந்த அசைவோடு காலடி ஒத்துப்போனால் பாரம் தாங்கும்; பிசகினால் வாளி ஆடித் தண்ணீர் தளும்பும். செங்குத்தான பாதையில் முன்வாளி தரையில் இடிக்கும் என்பதால் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு சின்னச் சின்ன அடியாக, சற்றே ஒருக்களித்து ஏற வேண்டும். மனைவியாக நடித்த நோபுகோ ஒட்டோவாவும் கணவனாக நடித்த தைஜி டொனோயாமாவும் நிஜமாகவே தண்ணீர் நிரம்பிய வாளிகளைத்தான் சுமந்தார்கள். வெறும் வாளியானால் தண்டு அப்படி வளையாது, கழுத்து நரம்பும் அப்படிப் புடைக்காது. நடிப்பால் ஈடுகட்ட முடியாத இடம் அது.

மேலே போனதும் நீண்ட காம்புள்ள அகப்பையால் ஒவ்வொரு செடியின் அடியிலும் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறார்கள். சரிவு நிலத்தில் மொத்தமாகக் கொட்டினால் மேல்மண்ணை அரித்துக்கொண்டு தண்ணீர் கீழே போய்விடும். காய்ந்த மண் ஒரு நொடியில் உறிஞ்சிவிட்டு மறுபடியும் வெளிறிப்போவதை ஒளிப்பதிவாளர் கியோமி குரோடாவின் கேமரா பக்கத்திலிருந்து காட்டுகிறது.

முதல் கால்மணி நேரம் மெதுவாகப் போகிறதே என்று ஓட்டிவிடாதீர்கள். பிறகு மனைவி கால் வழுக்கி ஒரு வாளியைக் கவிழ்த்துவிடுகிறாள். கணவன் வந்து ஓங்கி அறைகிறான், அவள் விழுகிறாள், இருவரும் வேலைக்குத் திரும்புகிறார்கள். அந்த அறை நியாயமில்லை, படமும் அதற்கு நியாயம் கற்பிக்கவில்லை. ஆனால் கொட்டியது எவ்வளவு நேரத்து உழைப்பு என்று நமக்குத் தெரிந்திருப்பதால்தான் அந்தக் காட்சி அப்படிச் சுடுகிறது.

பிள்ளைகள் பிடித்த மீனை விற்க ஒனோமிச்சி நகரத்துக்குப் போகும் பகுதி எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. தீவில் பேச்சில்லாதது இயல்பு. வேலை தெரிந்த இருவருக்குச் சொல்ல என்ன இருக்கிறது? கடைத்தெருவில், ஹோட்டலில் யாரும் வாய் திறக்காதபோது அது இயக்குநர் போட்ட கட்டுப்பாடாகத் தெரிகிறது. பயிர்த்தொழில் தெரிந்தவர்களுக்கு இன்னொன்றும் உறுத்தும்: கொளுத்தும் வெயிலில் தண்ணீர் விடுகிறார்கள். ஒரு பங்கு ஆவியாகப் போய்விடும். காலையிலோ பொழுது சாய்ந்தோ விடுவதே வழக்கம்.

மூத்த மகனுக்குக் காய்ச்சல் கண்டு, தகப்பன் படகில் போய் வைத்தியரை அழைத்து வருவதற்குள் பையன் போய்விடுகிறான். சில நாள் கழித்துத் தண்ணீர் விடும்போது தாய் திடீரென்று வாளியைக் கவிழ்த்து, செடிகளைப் பிடுங்கி எறிந்து, மண்ணில் விழுந்து கதறுகிறாள். கணவன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். முன்பு ஒரு வாளிக்குக் கையோங்கியவன் இப்போது ஒன்றும் செய்யாமல் வேலைக்குத் திரும்புகிறான். கொஞ்ச நேரத்தில் அவளும் எழுந்து தண்ணீர் விடுகிறாள். இந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவில்தான் படத்தின் உயிர் இருக்கிறது.

படப்பிடிப்பு ஹிரோஷிமா மாவட்டத்தில், மிஹாராவை ஒட்டிய சுகுனே தீவில் நடந்தது. பதினைந்து பேர்கூட இல்லாத குழு. செலவு சுமார் 50 லட்சம் யென். ஷிண்டோவும் நண்பர்களும் 1950-இல் தொடங்கிய சொந்தப் பட நிறுவனம் கடனில் மூழ்கியிருந்தது, இதுவே கடைசிப் படம் என்றுதான் எடுத்தார்கள். 1961-இல் மாஸ்கோ திரைப்பட விழாவின் பெரும் பரிசை ஒரு சோவியத் படத்தோடு பகிர்ந்துகொண்டது, பல நாடுகள் வாங்கின, நிறுவனம் பிழைத்தது.

பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இது அகலத்திரைப் படம். மலைச்சரிவும் கடலும் நடுவில் ஏறும் ஆளும் ஒரே சட்டத்தில் இருக்கும். கைப்பேசியில் பார்த்தால் அந்த ஆள் வெறும் புள்ளியாகிவிடுவார். முடிந்தவரை பெரிய திரையில் போடுங்கள், ஒலியையும் கூட்டி வையுங்கள். ஹிகாரு ஹயாஷியின் இசை நிற்கும் இடங்களில் துடுப்புச் சத்தமும் தண்ணீர் தளும்பும் சத்தமும் அப்போதுதான் காதில் விழும்.