கீழ் ஜி-க்கு ஏற்ற தந்தி

நேயர்களுக்கு வணக்கம். கிதார் போன்ற, நான்கு தந்திகள் கொண்ட சிறு வாத்தியமான உக்குலேலேயைக் கற்பவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு: "நான்காம் தந்தியைக் கீழ் ஜி-க்கு இறக்கினேன், நாதமே செத்துவிட்டது." வாத்தியத்தில் பழுதில்லை. தந்திதான் அந்தச் சுருதிக்கு உரியதல்ல.

ஹவாயில் வளர்ந்த இந்த வாத்தியத்தின் வழக்கமான சுருதி, மேற்கத்திய ஸ்வரப் பெயர்களில், ஜி, சி, இ, ஏ. இதில் ஜி, அடுத்துள்ள சி-யைவிட உயரத்தில் நிற்கும். அந்தத் துள்ளல் அழகுதான். ஆனால் மெட்டுகளைத் தனித்தனி ஸ்வரமாக வாசிக்கும்போது சி-க்குக் கீழே போக இடமில்லை. அதனால்தான் பலர் ஜி-யை ஒரு ஸ்தாயி இறக்குகிறார்கள்.

இறக்கினால் என்ன ஆகிறது? அதிர்வெண் 392 ஹெர்ட்ஸிலிருந்து 196 ஆகப் பாதியாகிறது. இழுவிசையோ கால் பங்காகிவிடுகிறது. 4 கிலோ இழுவையில் நின்ற தந்தி ஒரு கிலோவில் தொங்கும். மீட்டினால், கழுத்தின் குறுக்கே பதித்த கட்டைகளில் உரசி இரையும். பழைய விறைப்பு வேண்டுமானால் தந்தியின் எடை நான்கு மடங்காக வேண்டும். நைலானிலேயே அதைச் செய்தால் தடிமன் இரட்டிப்பாகி, ஒலி மழுங்கிவிடும்.

நான் தேர்ந்தது கிளாசிக்கல் கிதாரின் நான்காம் தந்தி. மெல்லிய நைலான் இழைகளின் மேல் உலோகக் கம்பி சுற்றியது. தடிமன் ஏறாமலே எடை கூடுகிறது. தந்தி நீளம் 43 செ.மீ. உள்ள, டெனர் எனும் பெரிய வகை உக்குலேலேயில் நன்றாகப் பொருந்தியது. விரல் நகரும்போது கீச்சொலி வரும். அது பிடிக்காதவர்களுக்குத் தூண்டில் கடையில் கிடைக்கும் ஃப்ளூரோகார்பன் நரம்பு இருக்கிறது. நைலானைவிட அடர்த்தி மிகுந்தது. நைலான் ஒரு மில்லிமீட்டரில் தரும் எடையை இது 0.8 மில்லிமீட்டரிலேயே தந்துவிடும். எஃகுத் தந்தியை மட்டும் தயவுசெய்து கட்டாதீர்கள். அந்த இழுவையில், தந்திகளைத் தாங்கி உடலில் ஒட்டியிருக்கும் குதிரை பெயர்ந்து வந்துவிடும்.

முதல் நாள் என் புதுத் தந்தி, கழுத்தின் உச்சியிலுள்ள பள்ளத்தில் இறங்காமல் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தது. மெல்லிய உப்புத்தாளை மடித்து நான்கைந்து முறை இழுத்தேன். ஊதிவிட்டு வைத்துப் பார்த்தேன். பிறகும் இரண்டு முறை. அவசரப்பட்டு ஆழமாக்கியிருந்தால் தந்தி முதல் கட்டையில் இடித்திருக்கும்.

சுருதியை ஏற்றுவதில் சிக்கல் வேறு. வயலினைப் போல ஜி, டி, ஏ, இ என்று சேர்க்க ஆசைப்பட்டு, அதே டெனரில் மேல் இ-க்கு மெல்லிய தந்தி கட்டினேன், அறுந்தது. தடித்ததைக் கட்டினேன், அதுவும் அறுந்தது. அறுபடும் சுருதியைத் தடிமன் மாற்றாது. நீளமும் தந்தி செய்த பொருளும்தான் தீர்மானிக்கின்றன. அந்தச் சுருதிக்கு தந்தி நீளம் ஏறக்குறைய 35 செ.மீ. உள்ள, சோப்ரானோ எனும் சிறிய வகை உக்குலேலேயே பாதுகாப்பு. டெனரில், வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவின் சி, ஜி, டி, ஏ போதும்.

இரண்டு உக்குலேலேக்களைக் கொண்டுவந்திருக்கிறேன். முதலில் பழைய தந்தியை இறக்கிச் சேர்த்த கீழ் ஜி. அடுத்து, சுற்றுக்கம்பித் தந்தியில் அதே ஸ்வரம். கேளுங்கள்.