சுடுகாட்டு மல்லி கேன்சர் செல்லை எப்படி நிறுத்துகிறது?

[திரையில்: ரோட்டோரத்தில் பூத்து நிற்கும் நித்தியகல்யாணி]

யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. ஆடு மாடு வாய் வைக்காது. ஆனாலும் வருஷம் முழுக்கப் பூத்துக்கொண்டே இருக்கும். நித்தியகல்யாணி, சில ஊர்களில் சுடுகாட்டு மல்லி. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு இன்றும் உலகம் முழுக்க ஏற்றப்படும் வின்கிரிஸ்டின் என்ற மருந்து இந்தச் செடியிலிருந்துதான் வருகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், முதலில் இந்த இலையைக் கையில் எடுத்தவர்கள் தேடியது சர்க்கரை நோய்க்கு மருந்து!

வணக்கம் மக்களே. செடியின் சொந்த ஊர் மடகாஸ்கர், அங்கிருந்து வெப்ப நாடுகள் எங்கும் பரவியது. தாவரவியல் அவ்வளவுதான், கதைக்கு வருவோம்.

1952. ஜமைக்காவிலிருந்து கனடாவுக்கு ஓர் உறை வருகிறது. உள்ளே இந்தச் செடியின் 25 இலைகள். ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்காரர்கள் இதில் டீ போட்டுக் குடிக்கிறார்கள் என்று தகவல். உறை போய்ச் சேர்ந்தது கிளார்க் நோபிள் என்ற டாக்டருக்கு. இவர் யார் தெரியுமா? 1921-ல் இன்சுலின் ஆராய்ச்சியில், அதைக் கண்டுபிடித்த டாக்டர் பான்டிங்குக்கு உதவியாக யார் முதலில் போவது என்று இரண்டு மாணவர்கள் காசு சுண்டிப் பார்த்ததாகச் சொல்வார்கள். ஜெயித்த சார்லஸ் பெஸ்ட் வரலாற்றில் ஏறிவிட்டார். தோற்றவர்தான் இந்த கிளார்க். பாவம் மனுஷன்!

அவர் இலையைத் தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் அதன் சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை இம்மியும் இறங்கவில்லை. சரி, ஊசியில் ஏற்றுவோம் என்றார். அப்போதும் சர்க்கரை இறங்கவில்லை, எலிகள்தான் செத்தன. சீழ் பிடித்து, கிருமித் தொற்றில்.

வேறொருவராக இருந்தால் இலையைக் குப்பையில் போட்டிருப்பார். ராபர்ட் ரத்தத்தைப் பார்த்தார். வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்திருந்தன, அதனால்தான் தொற்றை எதிர்க்க முடியவில்லை. வெள்ளை அணு தாறுமாறாகப் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய்? இந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கும். வேதியியலாளர் சார்லஸ் பீர் வந்து சேர, வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து இலையிலிருந்து பிரிந்து வந்தது. அமெரிக்காவில் எலி லில்லி நிறுவனமும் தனியாக இதே செடியை ஆராய்ந்து வின்கிரிஸ்டினை எடுத்தது. 1963-ல் அதற்கு அங்கே அனுமதி கிடைத்தது.

[திரையில்: இரண்டாகப் பிரியும் செல், அனிமேஷன்]

வேலை செய்வது எப்படி? ஒரு செல் இரண்டாகும்போது மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்க நுண்குழல்கள் வேண்டும். கட்டட வேலைக்குச் சாரம் கட்டுவது மாதிரி, செல் டியூபுலின் என்ற புரதத்தைக் கோத்து இவற்றைக் கட்டும், வேலை முடிந்ததும் பிரிக்கும். வின்கிரிஸ்டின் டியூபுலினைப் பிடித்துக்கொண்டு கோக்க விடாது. செல் பாதிப் பிரிவில் திகைத்து நின்று கடைசியில் செத்துப்போகும். யூ மரத்திலிருந்து வந்த டாக்ஸால் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்து நேர் எதிர், கட்டிய சாரத்தைப் பிரிக்க விடாது. இரண்டு வழியிலும் செல் காலி!

ஆனால் மருந்துக்கு நல்ல செல், கெட்ட செல் தெரியாது. வேகமாகப் பிரியும் முடியின் வேர் செல்களையும் தாக்கும், அதனால் முடி கொட்டும். நரம்புகளுக்குள்ளும் இதே குழல்கள் உண்டு, அதனால் கை கால் மரத்துப்போகும், மலச்சிக்கல் வரும். இதை ரத்தக் குழாய் (சிரை) வழியாக மட்டுமே ஏற்ற வேண்டும். தவறி முதுகுத்தண்டில் போட்டால் உயிர் போய்விடும். பெரியவர்களுக்கே ஒரு தடவைக்குப் பொதுவாக 2 மில்லிகிராமுக்கு மேல் போகமாட்டார்கள்.

அதனால் அந்த வாட்ஸ்அப் மாமா அனுப்பிய ‘பத்து இலை அரைத்துக் குடித்தால் கேன்சர் ஓடிவிடும்’ மெசேஜை இப்போதே அழித்துவிடுங்கள். மருந்தில் 1 கிராம் எடுக்கவே நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை தேவை. பத்து இலையில் எந்த நச்சு எவ்வளவு போகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. இலையை நம்பியே இருக்க வேண்டாம் என்று 2022-ல் ஈஸ்ட்டின் மரபணுவை மாற்றி, வின்பிளாஸ்டினுக்கான மூலப்பொருட்களை அதிலேயே உண்டாக்கியும் காட்டிவிட்டார்கள்.

போகும் முன் ஒன்று. தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தளில் கொல்கிசின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அதுவும் டியூபுலினைத்தான் பிடிக்கும். ஆனால் நச்சு அதிகம், அதனால் புற்றுநோய்க்கு எடுபடவில்லை, கீல்வாத மாத்திரையாகிவிட்டது. அந்தக் கதை வேண்டுமா? கமெண்டில் ‘காந்தள்’ என்று போடுங்கள், தனி வீடியோ போட்டுவிடலாம்.