டம்ளர் ஆறும் வரை: எல்லை ஊரில் ஒரு தொழில்நுட்பச் சந்திப்பை நடத்துவது எப்படி?

[காட்சி: தேநீர்க் கடை. உயரத்திலிருந்து கண்ணாடி டம்ளருக்குள் நுரை பொங்க இறங்கும் தேநீர்.]

கணினித் துறையினரும் இணையத் தொழில் செய்பவர்களும் சந்தித்துப் பழகும் கூட்டத்தை எப்படி நடத்துவது என்பதுதான் இன்றைய வீடியோ. அதை ஏன் தேநீர்க் கடையில் தொடங்குகிறேன்? எங்கள் கூட்டம் உருப்பட்டதற்கு இந்தக் கடைக்காரரும் ஒரு காரணம். கதையில் அவர் சீக்கிரமே வருவார்.

இடம் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டம். கடைப் பலகையில் மலையாளம், கடைக்குள் தமிழ். கிழக்கே வேலந்தாவளத்தைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம் வந்துவிடும். இங்கிருந்து கணினி படித்துப் போனவர்கள் கோவை டைடல் பார்க்கிலும் கொச்சி இன்ஃபோபார்க்கிலும் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கிலும் சிதறிக் கிடக்கிறார்கள். ஊரிலேயே இருப்பவர்களும் உண்டு: வீட்டு மாடியிலிருந்து பெங்களூரு நிறுவனத்துக்கு நிரல் எழுதுபவர், தென்னைநார்ப் பொருட்களை இணையத்தில் விற்பவர், நகைக்கடைகளுக்கு முகநூல் விளம்பரம் செய்து கொடுப்பவர். ஒரே தெருவில் இருந்தாலும் ஒருவரை ஒருவர் தெரியாது.

இவர்களை ஒரு கூரையின் கீழ் உட்கார வைக்கலாம் என்று நாங்கள் மூன்று நண்பர்கள் கிளம்பினோம். முதல் கூட்டம் படுதோல்வி.

[காட்சி: வரிசையாகப் போடப்பட்ட நாற்காலிகள். பெரும்பாலும் காலி.]

பதிவு செய்தவர்கள் 60 பேர். வந்தவர்கள் 23. மண்டபத்தின் சிறிய கூடம், வரிசையாக நாற்காலி, மேடை, புரொஜெக்டர், நான்கு சொற்பொழிவுகள். செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்ட விளம்பரதாரருக்குப் பேச ஐந்து நிமிடம் கொடுத்தோம். அவர் இருபத்தைந்து நிமிடம் எடுத்துக்கொண்டார். மூன்றாவது பேச்சின் நடுவில் மின்சாரம் போனது. அந்த நேரம் பார்த்துத் தேநீரும் வந்தது. வியர்வையோடு எல்லாரும் எழுந்து வராந்தாவுக்குப் போய், டம்ளரைக் கையில் பிடித்தபடி பேச ஆரம்பித்தார்கள். பன்னிரண்டு நிமிடம் கழித்து விளக்கு எரிந்தது. நாங்கள் கைதட்டி அனைவரையும் மறுபடி உள்ளே ஓட்டினோம்.

டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த கடைக்காரர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, பேசிப் பழகத்தானே கூப்பிட்டீர்கள்? பேச ஆரம்பித்ததும் வாயை மூடி உட்கார வைக்கிறீர்களே!"

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டுக்குப் போய் யோசித்தபோது, அந்த நான்கு மணி நேரத்தில் உருப்படியாக நடந்தது மின்வெட்டு மட்டும்தான் என்று புரிந்தது.

[காட்சி: ஓர் அறை வரைபடம். புள்ளிகள் நகர்கின்றன, ஒரே நிறப் புள்ளிகள் ஒன்றாகச் சேர்கின்றன.]

இது எங்கள் ஊருக்கு மட்டும் வந்த நோய் அல்ல. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் இங்கிராம், மைக்கேல் மோரிஸ் இருவரும் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு மாலை விருந்துக்குச் சுமார் 100 நிர்வாகிகளை அழைத்து, யார் யாரோடு எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று பதிவு செய்யும் மின்னணு அட்டைகளைச் சட்டையில் மாட்டிவிட்டார்கள். புதியவர்களைச் சந்திப்பதுதான் நோக்கம் என்று வந்தவர்களில் பெரும்பாலோர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். நடந்தது வேறு. தெரிந்த முகத்தைத் தேடிப் போய் அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டார்கள். அன்றைக்கு எல்லாரோடும் நன்றாகப் பழகியவர் பானம் ஊற்றிக் கொடுத்த பணியாளர்தான் என்று அந்த ஆய்வைப் பற்றிச் சொல்வதுண்டு. படித்ததும் எங்கள் கடைக்காரர் ஞாபகம் வந்தது.

தெரிந்தவரோடு பேசினால் என்ன குறைந்துவிடும்? மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் எழுதிய கட்டுரையில் இதற்குப் பதில் இருக்கிறது. பாஸ்டன் அருகே, அறிமுகமானவர்கள் மூலம் வேலை பெற்றவர்களிடம், தகவல் சொன்னவரை எத்தனை முறை சந்திப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி சந்திப்பவர் என்றவர்கள் சுமார் 17 சதவீதம். எப்போதாவது என்றவர்கள் சுமார் 56 சதவீதம். மிக அரிதாக என்றவர்கள் சுமார் 28 சதவீதம். காரணம் எளிது. உங்கள் நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி தூரத்து அறிமுகத்திடமிருந்துதான் வரும். நம் கல்யாணங்களில் வரன் எப்படி அமைகிறது? அண்ணன் மூலமா, அண்ணனின் மாமனார் ஊர்க்காரர் மூலமா?

ஆகவே அமைப்பாளருக்கு உண்மையில் ஒரே வேலை. கூச்சப்படும் இரண்டு அந்நியர்களைப் பத்து நிமிடம் ஒரே இடத்தில் நிற்க வைக்க வேண்டும். பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் தரகர் இதைத்தான் செய்கிறார். விற்க வந்தவரையும் மலையாள நாட்டிலிருந்து வாங்க வந்தவரையும் பக்கத்தில் நிறுத்தி, துண்டுக்கு அடியில் விரலைப் பிடிக்க வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். அவர் மேடை போட்டு மாட்டைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றுவதில்லை.

[காட்சி: பழைய கணினி ஒன்றின் முன்பலகை. வரிசையாக விசைகள், சிறு விளக்குகள்.]

இரண்டாவது கூட்டத்துக்கு நாங்கள் ஒரு பழைய முறையைக் கடன் வாங்கினோம். 1975 மார்ச் 5 அன்று கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், கார்டன் ஃபிரெஞ்ச் என்பவரின் வீட்டு கார் ஷெட்டில் சில பத்துப் பேர் கூடினார்கள். ஆல்டேர் 8800 என்ற கணினிப் பெட்டியைப் பற்றிப் பேசக் கூடிய கூட்டம் அது. ஹோம்பிரூ கம்ப்யூட்டர் கிளப் என்று பின்னால் பெயர் பெற்றது. ஸ்டீவ் வாஸ்னியாக் தன் முதல் ஆப்பிள் கணினியைக் காட்டியது இந்தக் கிளப்பில்தான். அங்கே கூட்டத்தை நடத்தி வந்த லீ ஃபெல்சென்ஸ்டீன் நேரத்தை இரண்டாகப் பிரித்திருந்தார். முதல் பாதியில் ஒவ்வொருவராக எழுந்து, தன்னிடம் என்ன இருக்கிறது, தனக்கு என்ன வேண்டும் என்று சுருக்கமாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் பாதியில் யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் தேடிப் போகலாம். அவ்வளவுதான். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இதைவிட நல்ல நிகழ்ச்சி நிரலை நான் பார்க்கவில்லை.

இந்த முதல் பாதியில்தான் எங்கள் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் வந்தது: மொழி. நேர்முகத் தேர்வு ஆங்கிலத்தில், அரசு அலுவலகம் மலையாளத்தில், வீடு தமிழில். "அறிமுகம் செய்துகொள்ளுங்கள்" என்று ஆங்கிலத்தில் ஒருவர் தொடங்கினால் போதும். அதன் பிறகு எழுந்தவர்கள் எல்லாரும் ஆங்கிலத்தில் நான்கு சொல் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். பாலக்காட்டிலிருந்து வந்த சேட்டன்மாருக்குத் தமிழ் நன்றாகப் புரியும். எங்களுக்கு மலையாளம் புரியும். ஆங்கிலத்தில்தான் எல்லாரும் ஊமை. ஆகவே இப்போது முதல் ஆள் நான். தமிழில் பேசுகிறேன், வேண்டுமென்றே கொஞ்சம் தடுமாறுகிறேன். அடுத்தவர் மலையாளத்தில் பேசுவார். பிறகு ஆறு கரைபுரண்டு ஓடும்.

அடுத்து, சட்டையில் ஒட்டும் பெயர் அட்டை. லண்டனில் 1998இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் டியூஸ்டே என்ற மாதக் கூட்டத்தில் தொழில் தொடங்குபவருக்கு ஒரு நிறம், முதலீட்டாளருக்கு இன்னொரு நிறம் என்று அட்டை கொடுத்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் முதலீட்டாளரின் நிறம் தெரிந்துவிட்டால் எல்லா ஈயும் ஒரே பலாச்சுளையில்தான் மொய்க்கும். கொழிஞ்சாம்பாறைக்கு முதலீட்டாளர் வருவதில்லை என்பதால் எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. எங்கள் அட்டையில் நிறுவனத்தின் பெயர் கிடையாது, பதவி கிடையாது. பெயருக்குக் கீழே இரண்டே வரி: "எனக்குத் தெரிந்தது", "எனக்கு வேண்டியது". பெரிய நிறுவனத்தில் இருப்பவர்களுக்கு இது முதலில் பிடிக்கவில்லை. பழகிவிட்டார்கள்.

[காட்சி: வட்டமாக நிற்கும் ஐந்து பேர். வட்டத்தில் ஓர் இடைவெளி.]

நிற்கும் விதத்துக்கும் ஒரு விதி உண்டு. மென்பொருள் ஆவணம் எழுதுபவர்களுக்காக மாநாடுகள் நடத்தும் எரிக் ஹோல்ஷர் என்பவர் அதற்கு பேக்மேன் விதி என்று பெயர் வைத்தார். அந்தப் பழைய வீடியோ விளையாட்டில் வாயைத் திறந்துகொண்டு ஓடும் மஞ்சள் உருவம் நினைவிருக்கிறதா? குழுவாக நிற்கும்போது முழு வட்டமாக அடைத்துக்கொள்ளாமல், அந்த வாயைப் போல ஓர் ஆள் நுழையும் இடைவெளியை விட்டு நிற்க வேண்டும். புதிதாக வந்தவர் அந்த இடைவெளிக்குள் வருவார். வந்ததும் இன்னோர் இடைவெளி விட வேண்டும். சொல்லிக் கொடுக்க அரை நிமிடம் போதும்.

இனி தேநீர். காகிதக் கோப்பை வேண்டாம். சுற்றுச்சூழலுக்காக மட்டும் சொல்லவில்லை. காகிதக் கோப்பையை எடுத்துக்கொண்டு ஆள் எங்கு வேண்டுமானாலும் போய்விடலாம், பைக்கில்கூட ஏறிவிடலாம். கண்ணாடி டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். சூடு ஆறும் வரை அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கத்தான் முடியும்; போனை நோண்ட இன்னொரு கை வசதிப்படாது. பலகாரத்தை ஒரே மேசையில் குவிக்காமல், பழம்பொரியை ஒரு மூலையிலும் மெதுவடையை எதிர் மூலையிலும் வைக்கிறோம். இரண்டும் வேண்டுமென்றால் கூடத்தைக் குறுக்கே கடந்தாக வேண்டும். கடப்பவர் யார் மீதாவது இடித்துக்கொள்வார்.

[காட்சி: சுவரில் நாட்காட்டி. சில தேதிகள் அடிக்கப்பட்டிருக்கின்றன.]

தேதி குறிப்பது தனிக் கலை. முகூர்த்த நாளில் மண்டபம் கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை கட்டுப்படியாகாது. தமிழர்களுக்கு ஆடி, மலையாளிகளுக்குக் கர்க்கடகம். இரண்டும் ஒரே மாதம், இரு பக்கமும் கல்யாணம் கிடையாது. மண்டபக்காரரே கூப்பிட்டு வாடகையைக் குறைப்பார். ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, எங்கள் பேனர் பறந்தது. ஹர்த்தால், அதாவது கேரளத்துக் கடையடைப்பு, இன்னொரு தலைவலி. ஏழு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் ஹர்த்தால் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் முதல் நாள் இரவு செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போகிறோம். முடியும் நேரத்தைக் கடைசி பஸ்தான் நிர்ணயிக்கிறது. அதற்கு ஒரு பஸ் முன்னதாகவே அதிகாரபூர்வமாக முடித்துவிடுகிறோம். பெண்கள் வருவதும் வராததும் பெரும்பாலும் இந்த ஒரு முடிவில் இருக்கிறது; பிறகு கழிவறையில். மண்டபம் பார்க்கப் போனால் மேடையைப் பார்க்காதீர்கள், முதலில் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பாருங்கள்.

கட்டணம் 100 ரூபாய். இலவசம் என்றால் பதிவு செய்ய ஒரு விரல் போதும். வராமல் இருக்க அதுவும் வேண்டாம். நூறு ரூபாய் கொடுத்தவர் அந்த வடையையாவது தின்ன வருகிறார்.

விளம்பரதாரர் விஷயத்தில் மட்டும் கறாராக இருக்கச் சொல்வேன். அவர்கள் பெரும்பாலும் கேட்பது மேடையை அல்ல, வந்தவர்களின் போன் எண்களை. கொடுக்காதீர்கள். தனிநபர் தரவுக்கு 2023இல் சட்டமே வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும், நம்பி எண் கொடுத்தவருக்கு மறுநாள் காலை வீட்டுக்கடன் வேண்டுமா என்று அழைப்பு வந்தால் அடுத்த மாதம் அவர் வர மாட்டார். எல்லாரையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் போடுவதையும் விட்டுவிட்டோம். இரண்டே வாரத்தில் அது காலை வணக்கப் பூங்கொத்துக் குழுவாகிவிட்டது. எண் வேண்டுமானால் நேரில் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். கேட்பதற்கு ஒரு நிமிடம் ஆகும், அந்த நிமிடமும் கூட்டத்தின் பகுதிதான்.

[காட்சி: கூடத்தின் நடுவே ஒருவர் இன்னொருவரைக் கையைப் பிடித்து அழைத்துச் செல்கிறார்.]

அறிமுகம் செய்து வைக்கும்போது, "இவர் மென்பொருள், இவர் வியாபாரம், பேசிக்கொண்டிருங்கள்" என்று விட்டுவிட்டுப் போனால் இருவரும் வானிலையைப் பற்றிப் பேசுவார்கள். தென்னைநார் விற்கும் அண்ணனை ஒரு தங்கையிடம் அழைத்துப் போய், "இவருக்கு ஆர்டர் செய்த சரக்கு திரும்பி வருவது அதிகமாக இருக்கிறது. நீங்கள் அந்த மாதிரிக் கணக்கைத்தானே நிறுவனத்தில் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு என்னை அவர்கள் திரும்பிப் பார்க்கவே இல்லை. இதைச் செய்ய அட்டைகளை முன்கூட்டியே படித்திருக்க வேண்டும். நாங்கள் மூன்று பேரும் ஆளுக்குப் பத்துப் பேரின் தேவையை மனப்பாடம் செய்துகொண்டு போகிறோம். கூட்டம் நடத்தும் உழைப்பில் பாதி இதுதான், சுவரொட்டிக்கு எழுத்துரு தேர்ந்தெடுப்பது அல்ல. எனக்கும் அந்த எழுத்துரு ஆசை உண்டு, நேரம் தின்னும்.

[காட்சி: மாலை. காலியான கூடம். வெளியே புளியமரம்.]

போன மாதக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். கடைக்காரர் டம்ளர் எண்ணினார். கொண்டுவந்தது 41, கையில் இருப்பது 38. "தம்பி, மூன்று குறைகிறது" என்றார். வெளியே எட்டிப் பார்த்தேன். புளியமரத்தடியில் மூன்று பேர், காலி டம்ளரோடு. கடைசி பஸ் அப்போதுதான் போய்க்கொண்டிருந்தது. கேட்டு வாங்கி வரட்டுமா என்றேன்.

"இருக்கட்டும், நாளைக்குக் கடையில் கொடுப்பார்கள்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.