பிஎஸ்5-ஆ எக்ஸ்பாக்ஸா என்று அடித்துக்கொள்வதற்கு முன்னால் இதைப் பாருங்கள்

[திரையில்: மூடி கழற்றிய இரண்டு கன்சோல்கள், பக்கத்தில் பக்கத்தில்]

வணக்கம். இடது பக்கம் இருப்பது சோனியின் பிளேஸ்டேஷன் 5, சுருக்கமாக பிஎஸ்5, வலது பக்கம் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ். இரண்டும் டிவியில் இணைத்து கேம் ஆடும் கன்சோல்கள். இரண்டும் 2020 நவம்பரில், இரண்டு நாள் இடைவெளியில் கடைக்கு வந்தவை. ஃபேனையும் ஹீட்சிங்க்கையும் கழற்றிவிட்டு நடுவில் இருக்கும் சிப்பைப் பாருங்கள். இரண்டுமே ஏஎம்டி என்ற சிப் நிறுவனத்தின் ஜென் 2 பிராசஸர், எட்டு கோர், ஆர்டிஎன்ஏ 2 வகை கிராபிக்ஸ், 16 ஜிபி மெமரி. கிராபிக்ஸ் கணக்குப் போடும் வேகத்தைச் சொல்லும் டெராஃபிளாப் எக்ஸ்பாக்ஸில் 12, பிஎஸ்5-இல் 10.28. கேமைச் சேமித்துவைக்கும் எஸ்எஸ்டி பிஎஸ்5-இல் நொடிக்கு 5.5 ஜிபி படிக்கும், எக்ஸ்பாக்ஸினுடையது 2.4. இந்த நாலு எண்ணை வைத்துக்கொண்டு எத்தனை வருடமாகச் சண்டை போடுகிறோம்! இரண்டிலும் ஒரே கேமை ஓட்டி அருகருகே வைத்தால், வீடியோவை நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் பல நேரம் வித்தியாசமே தெரிகிறது.

எது பவர்ஃபுல் என்ற கேள்விக்குப் பழைய வரலாற்றில் ஒரு பதில் இருக்கிறது. பிஎஸ்2 2000-இல் வந்தது. அடுத்த வருடம் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ் அதைவிடப் பலமான மெஷின், ஆனாலும் அது விற்றது சுமார் 2.4 கோடி, பிஎஸ்2 விற்றது 16 கோடிக்கு மேல். நிண்டெண்டோவின் வீ (Wii) மெஷினால் ஹெச்டி படமே காட்ட முடியாது, அது 10 கோடியைத் தாண்டியது. 2017-இல் வந்த நிண்டெண்டோ ஸ்விட்சுக்குள் இருந்தது 2015-இல் வெளியான டெக்ரா எக்ஸ்1 சிப், அதுவும் 15 கோடியைத் தாண்டிவிட்டது. பலமான மெஷின்தான் ஜெயிக்கும் என்றால் இந்த மூன்றுமே தோற்றிருக்க வேண்டும்.

அப்போ எது ஜெயிக்க வைக்கிறது? கேம், விலை, அப்புறம் வாங்குபவரை நிறுவனம் எப்படி நடத்துகிறது என்பது. விலைக்கு ஒரு காட்சி சொல்கிறேன். 1995 மே, லாஸ் ஏஞ்சல்ஸ், முதல் இ3 வீடியோ கேம் கண்காட்சி. ஜப்பானின் கேம் நிறுவனம் சேகா மேடையேறி, சாட்டர்ன் கன்சோல் செப்டம்பரில் இல்லை, இன்றைக்கே விற்பனைக்கு வந்துவிட்டது, விலை 399 டாலர் என்று அறிவிக்கிறது. அன்றைக்கே சோனியின் முறை வந்தபோது அதன் அமெரிக்க கேம் பிரிவுத் தலைவர் ஸ்டீவ் ரேஸ் மேடைக்கு வந்து, முதல் பிளேஸ்டேஷனின் விலையாக மைக்கில் ஒரே ஒரு எண்ணைச் சொன்னார்: 299. அவ்வளவுதான், இறங்கிப் போய்விட்டார். அரங்கம் கைதட்டியது. ஆறே வருடத்தில், 2001-இல், சேகா கன்சோல் தயாரிப்பதையே விட்டுவிட்டது. அந்த ஒரு எண்ணால் மட்டும் அது நடக்கவில்லை, கடைக்காரர்களுக்கும் கேம் தயாரிப்பாளர்களுக்கும் முன்கூட்டிச் சொல்லாமல் சாட்டர்னை இறக்கிய அவசரமும் சேர்ந்துதான் கவிழ்த்தது.

வாங்குபவரை எப்படி நடத்துகிறார்கள் என்பதற்கு 2013-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பாக்ஸ் ஒன் அறிமுகமாகும்போது மைக்ரோசாஃப்ட் வைத்த நிபந்தனை, 24 மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது கன்சோல் இன்டர்நெட்டில் இணைந்து அனுமதி வாங்க வேண்டும், வாங்கிய டிஸ்க்கை நண்பருக்குக் கொடுப்பதற்கும் பழசாக விற்பதற்கும் கட்டுப்பாடு. சோனி பதிலுக்கு அரை நிமிடம்கூட ஓடாத ஒரு வீடியோ போட்டது. நண்பரோடு கேமை எப்படிப் பகிர்வது என்று தலைப்பு வருகிறது, ஒருவர் கேம் டப்பாவை நீட்டுகிறார், இன்னொருவர் வாங்கிக்கொள்கிறார், நன்றி சொல்கிறார், வீடியோ முடிந்துவிட்டது. இ3 முடிந்த அடுத்த வாரமே மைக்ரோசாஃப்ட் அந்த நிபந்தனைகளை வாபஸ் வாங்கியது. ஆனாலும் அந்தத் தலைமுறையில் விழுந்த அடியிலிருந்து எக்ஸ்பாக்ஸ் எழவே இல்லை என்பது என் கருத்து. பிஎஸ்4 11 கோடிக்கு மேல் விற்றது, மைக்ரோசாஃப்ட் 2015-இல் இருந்து கன்சோல் விற்பனை எண்ணிக்கையைச் சொல்வதையே நிறுத்திக்கொண்டது.

[திரையில்: டப்பா கைமாறும் காட்சி, மெதுவாக]

இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, இப்போதைய நிலைமைக்கு வருவோம். கன்சோல் வியாபாரத்தில் லாபம் பெட்டியில் இல்லை. கேம் நிறுவனம் எபிக், ஆப்பிள் இருவருக்கும் நடந்த வழக்கில் 2021-இல் சாட்சி சொன்ன மைக்ரோசாஃப்ட் அதிகாரி, எக்ஸ்பாக்ஸ் மெஷினை விற்று எங்களுக்கு லாபம் வந்ததே இல்லை என்று நீதிமன்றத்திலேயே சொன்னார். பெட்டியை அடக்க விலைக்கோ நஷ்டத்துக்கோ கொடுத்துவிட்டு, அதில் விற்கும் ஒவ்வொரு கேமிலும் வழக்கமாக 30 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள், மாத சந்தா தனி. பெட்டியே விற்கவில்லை என்றால் இந்தக் கணக்கு நிற்காது இல்லையா? அதனால்தான் 2023-இல் 68.7 பில்லியன் டாலர் கொடுத்து ஆக்டிவிஷன் பிளிசார்டை வாங்கிய அதே மைக்ரோசாஃப்ட், அதுவரை பிளேஸ்டேஷனுக்குக் கொடுக்காமல் எக்ஸ்க்ளூசிவாக வைத்திருந்த தன் சொந்த கேம்களை அடுத்த வருடமே அதில் விற்க ஆரம்பித்தது. ஃபோர்சா ஹொரைசன் 5, கியர்ஸ் ஆஃப் வார் எல்லாம் பிஎஸ்5-இல் ஓடுகின்றன. சோனியும் 2020-இல் இருந்து தன் பெரிய கேம்களை ஒவ்வொன்றாக பிசிக்குக் கொண்டுவந்தது. நிண்டெண்டோ மட்டும் மாரியோவையும் செல்டாவையும் வேறு யார் கன்சோலுக்கும் கொடுக்காமல் தன் வழியில் போகிறது.

எக்ஸ்க்ளூசிவ் கரைகிறது, சிப் ஒன்றாகிவிட்டது, அப்போ கன்சோலே தேவையில்லை, எல்லாம் கிளவுடுக்குப் போய்விடும், கேம் தூரத்து சர்வரில் ஓடி படம் மட்டும் நெட்டில் வரும் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் நம்பவில்லை. ஏன் என்று ஒரு பட்டனை வைத்துப் பார்ப்போம்.

[திரையில்: கட்டைவிரல், ஜம்ப் பட்டன், மெதுவாக]

நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், ஓடும் கேமில் ஒரு ஃபிரேம் திரையில் நிற்பது 16.7 மில்லிசெகண்ட். நீங்கள் ஜம்ப் அழுத்துகிறீர்கள். கிளவுடில் விளையாடினால் அந்தச் செய்தி வைஃபையைத் தாண்டி சர்வருக்குப் போக வேண்டும், அங்கே படம் உருவாகி, வீடியோவாகச் சுருங்கி, திரும்பி வந்து, உங்கள் திரையில் விரிய வேண்டும். ஃபைபர் கேபிளில் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும், சர்வர் 1000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போய்வர மட்டும் 10 மில்லிசெகண்ட், அதுவும் கேபிள் நேர்கோட்டில் இருந்தால். சர்வர் அதே தூரத்தில் இருக்கும்வரை, அந்தக் கேபிளில் எத்தனை கோடி செலவழித்தாலும் அதைக் குறைக்க முடியாது. மேலே சொன்ன மற்ற வேலைகளும் சேர்ந்தால் பல ஃபிரேம்கள் ஓடிவிடும். பொறுமையாக யோசித்து ஆடும் கேமில் பரவாயில்லை, ஃபைட்டிங் கேமில் அதற்குள் அடி வாங்கியிருப்பீர்கள்.

கூகுளே இதில் இறங்கிப் பார்த்தது. ஸ்டேடியா 2019 நவம்பரில் தொடங்கி 2023 ஜனவரியில் மூடப்பட்டது. கேம் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், கண்ட்ரோலரை ப்ளூடூத்தில் பயன்படுத்தவும் வழி செய்து கொடுத்தார்கள், அது நல்ல விஷயம், அதை மறைக்கக்கூடாது. ஆனால் பணம் திரும்பி வந்ததே தவிர கேம் வரவில்லை.

டப்பா கைமாறிய அந்தக் காட்சி ஞாபகம் இருக்கிறதா? எனக்கு உண்மையிலேயே கவலை தருவது இதுதான். ஸ்விட்ச் 2-இல் கேம் கீ கார்டு என்று ஒன்று வருகிறது. டப்பாவுக்குள் கார்டு இருக்கும், கார்டுக்குள் கேம் இருக்காது, சாவி மட்டும் இருக்கும், கேமை டவுன்லோட் செய்துதான் ஆக வேண்டும். கார்டை நண்பருக்குக் கொடுக்கலாம், விற்கலாம், ஆனால் டவுன்லோட் சர்வர் இருக்கும்வரைதான். முழு டிஸ்க் இருந்தாலும் தப்பித்தோம் என்று சொல்ல முடியாது. யூபிசாஃப்டின் தி க்ரூ 2014-இல் வந்த கார் ரேஸ் கேம். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தியதும், டிஸ்க் கையில் வைத்திருந்தவர்களும் தனியாகக்கூட அதை ஓட்ட முடியவில்லை. கலிஃபோர்னியாவில் இதற்காகவே ஒரு சட்டம் வந்து, விற்பது உரிமம் மட்டும்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்று பட்டன் வைக்கக்கூடாது என்று 2025-இல் இருந்து நடைமுறையில் இருக்கிறது. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதத்தைப் புதிதாகக் கடையில் வாங்கவே வழியில்லை.

அதனால் யாராவது என்னிடம் எந்த கன்சோல் வாங்கலாம் என்று கேட்டால், டெராஃபிளாப்பைப் பற்றிப் பேசவே மாட்டேன். டிஸ்க் டிரைவ் இருக்கிறதா, போன தலைமுறை கேம் இதில் ஓடுமா, நெட் இல்லாமல் கேம் திறக்குமா என்றுதான் முதலில் பார்க்கச் சொல்வேன். எக்ஸ்பாக்ஸை இந்த ஒரு இடத்தில் மனதாரப் பாராட்ட வேண்டும், 2001-இன் முதல் எக்ஸ்பாக்ஸ் டிஸ்க்குகளில் சிலவற்றை இன்றைய சீரிஸ் எக்ஸில் போட்டால் அந்த கேம் ஓடுகிறது, நெட்டில் இருந்து டவுன்லோட் செய்துதான் என்றாலும்.

[திரையில்: திறந்த பழைய கார்ட்ரிட்ஜ், பச்சை போர்டு, நாணயம் அளவு பேட்டரி]

இது என்னுடைய பழைய சூப்பர் நிண்டெண்டோ கார்ட்ரிட்ஜ். கேம் ஓடியது, ஆனால் சேவ், அதாவது விட்ட இடத்தின் பதிவு, நிற்கவில்லை. சேவைப் பிடித்துவைக்கும் மெமரிக்குக் கரண்ட் கொடுக்கும் சிஆர்2032 பேட்டரி இத்தனை வருடத்தில் தீர்ந்துபோயிருந்தது. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, எதிலும் லாகின் செய்யவில்லை. ஸ்குரூவைக் கழற்றி, பழைய பேட்டரியை எடுத்துவிட்டு, புதியதைச் சால்டர் வைத்து ஒட்டி மூடினேன். சின்ன வயதில் சேர்த்த சேவ் போய்விட்டது, அது வருத்தம்தான். நேற்று ராத்திரி முதல் லெவலில் இருந்து திரும்ப ஆரம்பித்தேன், காலையில் ஆன் செய்தபோது நிறுத்திய இடத்தில் அப்படியே இருந்தது.