6 பவுண்டில் ஒரு மென்பொருள் நிறுவனம்

நேயர்களுக்கு வணக்கம். இன்று ஸ்டெஃபனி ஷெர்லியைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். 2025 ஆகஸ்டில், 91 வயதில் காலமானவர். கணினியோடு இலவச இணைப்பாக மென்பொருள் வந்துகொண்டிருந்த காலத்தில், அதைத் தனியாக எழுதி விற்கலாம் என்று பிரிட்டனில் துணிந்து இறங்கிய பெண்மணி.

பிறந்தது ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகரில், 1933இல். அப்பா யூதர், நீதிபதி. நாஜிகள் வந்ததும் அவருடைய பதவி போயிற்று. குடும்பம் வியன்னாவுக்குப் போனது; ஹிட்லர் அங்கேயும் வந்துவிட்டார். 1939 கோடையில் ஐந்து வயதுச் சிறுமியையும் ஒன்பது வயது அக்காவையும் பெற்றோர் லண்டனுக்கு ரயில் ஏற்றிவிட்டார்கள். கிண்டர்டிரான்ஸ்போர்ட் என்ற அந்த மீட்பு ஏற்பாட்டில் சுமார் 10,000 குழந்தைகள் பிரிட்டன் வந்து சேர்ந்தார்கள். பலர் பெற்றோரை மறுபடி பார்க்கவே இல்லை. இவருடைய பெற்றோர் உயிர் தப்பினார்கள். ஆனாலும் விட்டுப்போன பாசம் பழையபடி ஒட்டவில்லை. இங்கிலாந்தில் பிள்ளை இல்லாத ஒரு தம்பதிதான் இவரை வளர்த்தார்கள்.

படித்த பெண்கள் பள்ளியில் உயர்நிலைக் கணிதம் கிடையாது. ஆண்கள் பள்ளிக்குப் போய்க் கற்றார். பிறகு லண்டன் டாலிஸ் ஹில்லில் இருந்த அஞ்சல் துறை ஆய்வுக்கூடத்தில் வேலை, மாலை வகுப்பில் கணிதப் பட்டம். வேலையில் திறமை இருந்தும், பெண் என்பதால் ஒரு மட்டத்துக்கு மேல் ஏற விடவில்லை. 1962இல், கையில் 6 பவுண்டு முதலோடு, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்.

ஸ்டெஃபனி என்று கையெழுத்திட்ட வியாபாரக் கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. ஸ்டீவ் என்று ஆண் பெயரில் கையெழுத்திட்டதும் வந்தது. இவரைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் சொல்லும் கதை இது. உண்மைதான். ஆனால் என் கணக்கில் அவருடைய பெரிய சாதனை கையெழுத்தில் இல்லை, வேலையை அமைத்த விதத்தில் இருக்கிறது.

கல்யாணமோ குழந்தையோ ஆனதும் வேலையை விட்டுப்போன பெண் புரோகிராமர்களை அவர் தேடிப் பிடித்தார். எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்தே வேலை செய்தார்கள். அப்போது வீட்டில் கணினி ஏது? பென்சிலும் காகிதமும்தான். முதலில் செயல்முறை வரைபடம், அப்புறம் வரி வரியாகக் கட்டளைகள். எழுதியதைத் தபாலில் அனுப்பினால், தரவு மையத்தில் அதைக் கணினி படிக்கும்படி அட்டையிலோ காகித நாடாவிலோ துளையிடுவார்கள். சரிபார்க்க மறுபடி ஒருமுறை. இத்தனைக்கும் பிறகுதான் அது ஒரு கணினியின் பக்கமே போகும். எத்தனை மணிக்கு உட்கார்ந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. முடித்த வேலைதான் கணக்கு. வீட்டில் போன் இருக்கிறதா என்பது வேலைக்கு எடுக்கும்போது முக்கியமான கேள்வி. அவர் வீட்டிலும் கைக்குழந்தை உண்டு. வாடிக்கையாளர் போனில் பேசும்போது, பின்னால் தட்டச்சுச் சத்தம் பதிவான டேப்பை ஓடவிடுவாராம், பெரிய அலுவலகம் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று! இப்படி ஓடிய நிறுவனத்தின் 30 பெண்கள் சேர்ந்துதான், ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்ட் பயணிகள் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலை எழுதினார்கள்.

முதல் 300 பேரில் ஆண்கள் மூன்றே பேர். 1975இல் பாலினப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் வந்தது. பெண்களுக்கென்று வந்த சட்டம். பெண்களுக்கு முன்னுரிமை கொடுத்த இவருடைய கொள்கையும் அதில் சட்டவிரோதமாகிவிட்டது. அதன்பிறகு ஆண்களும் தாராளமாக வந்து சேர்ந்தார்கள்.

இதற்கு நடுவே வீட்டில் வேறொரு வாழ்க்கை. 1963இல் பிறந்த ஒரே மகன் ஜைல்ஸ், இரண்டரை வயதில், இருந்த கொஞ்சப் பேச்சையும் இழந்தான். கடுமையான ஆட்டிசம். பிள்ளையும் தொழிலுமாக இழுபட்டதில் 1976இல் ஸ்டெஃபனியே மனம் நொடிந்து மருத்துவமனையில் சேர வேண்டியதாயிற்று. சாதனைப் பெண்மணி என்று மாலை போடுகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவரே வெளிப்படையாகப் பேசிய விஷயத்தை நாம் ஏன் மறைக்க வேண்டும்? ஜைல்ஸ் 1998இல், 35 வயதில் வலிப்பு வந்து இறந்தார்.

நிறுவனத்தின் பங்குகளை அவர் தாமே வைத்துக்கொள்ளவில்லை. கால் பங்கை ஊழியர்களுக்குக் காசு வாங்காமலே கொடுத்தார். நிறுவனம் 1996இல் பங்குச் சந்தைக்கு வந்தபிறகு, அந்த ஊழியர்களில் 70 பேர் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். தமக்கு வந்ததிலும் ஏறக்குறைய 7 கோடி பவுண்டை நன்கொடையாகக் கொடுத்துவிட்டார். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வு நிறுவனம் அவர் பணத்தில் உருவானது. பெரும்பங்கு ஆட்டிசத்துக்குப் போயிற்று: ஆராய்ச்சிக்கு ஆட்டிஸ்டிகா என்ற அமைப்பு, குழந்தைகளுக்கு பிரையர்ஸ் கோர்ட் என்ற உறைவிடப் பள்ளி. பள்ளியின் சுவர்களுக்குத் தம்முடைய ஓவியச் சேகரிப்பையும் கொடுத்தார். பேசாத பிள்ளைகளும் படம் பார்க்கலாம் அல்லவா? நன்றி, வணக்கம்.