கூரைக்கு மேலே ஆலிஸ்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் அடங்காத மகள் ஆலிஸின் வாழ்க்கையைக் குழந்தைகளுக்குப் படப்புத்தகமாகத் தரலாமா? தரலாம் என்பது எங்கள் அணி.

எதிரணி அம்மா சொன்னார்: "பாம்போடு விருந்துக்குப் போனவளைக் காட்டினால், நம் பிள்ளை பள்ளிக்கூடப் பையில் ஓணானோடு வரும்." கைதட்டினீர்கள். சரி, அந்தப் பாம்பையே எடுப்போம். நஞ்சில்லாத சின்னப் பாம்பு. பச்சையாக இருந்ததால் ஸ்பினாச் கீரையின் பெயர். ஒல்லியாக இருந்ததால் சித்தி எமிலியின் பெயர். எமிலி ஸ்பினாச்! அம்மா, ஓணான் வந்தால் பயப்படாதீர்கள். அதற்கு யார் பெயரை வைத்திருக்கிறான் என்று கேட்டுவிட்டுப் பயப்படுங்கள்!

அதைவிடப் பெரிய சமாசாரம் கூரை. "என் கூரையின் கீழ் சிகரெட் பிடிக்கக் கூடாது" என்றார் அப்பா. எதிர்த்துப் பேசினாளா? இல்லை. வெள்ளை மாளிகைக் கூரை மேல் ஏறிப் பிடித்தாள்! மறுபடி கேளுங்கள். கீழே கூடாது என்றுதானே சொன்னார்? மேலே போனாள்! வக்கீலுக்குப் படித்தவருக்கே இந்த ஓட்டை கண்ணில் படாதே!

படப்புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம். இந்தக் காட்சியில்தான் பலர் கோட்டை விடுவார்கள். அப்பாவின் கட்டளை வலப்பக்கக் கடைசியில் நிற்க வேண்டும். தாளைப் புரட்டினால் இரண்டு பக்கமும் விரிந்த கூரை. இரண்டையும் எதிரெதிரே வைத்தால், எழுத்தைப் படிக்குமுன் குழந்தையின் கண் படத்துக்கு ஓடிவிடும், சிரிப்பு போச்சு. ஆலிஸின் முகம் நடுமடிப்பில் விழுந்தால் தையல் விழுங்கிவிடும். அவள் பேசாததை அவள் வாயில் திணித்தால் அது வாழ்க்கை வரலாறே அல்ல. உள்ளது போதாதா? "ஒன்று நாட்டை நடத்தலாம், இல்லை ஆலிஸைக் கவனிக்கலாம், இரண்டும் முடியாது" என்று அதிபரே சொன்னாரே!

கெட்ட முன்மாதிரி என்கிறார் அம்மா. 1884 பிப்ரவரி 12 அன்று பிறந்தாள். 14ஆம் தேதி, ஒரே வீட்டில், பெற்ற தாயும் அப்பாவைப் பெற்றவளும் இறந்தார்கள். தாயின் பெயரும் ஆலிஸ். அந்தப் பெயரை நாக்கில் எடுக்க முடியாத தகப்பன் மகளை 'பேபி லீ' என்றே அழைத்தார். கைக்குழந்தையை அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு மேற்கே மாட்டுப்பண்ணைக்குப் போனார். தாயைப் பற்றி மகளிடம் பேசவே இல்லை. கொஞ்சம் வளர்ந்ததும் காலில் இரும்புப் பட்டை மாட்டி நடந்த பிள்ளை அது.

அம்மா, அவள் கூரை ஏறியது புகைக்கத்தானா? அப்பா ஒரு தடவை அண்ணாந்து பார்த்து, "ஆலிஸ்" என்று கூப்பிடட்டும் என்று ஏறியிருக்கக் கூடாதா? தாயில்லாப் பிள்ளை, நடுவர் அவர்களே. அவள் புத்தகத்தை மூடிவிடாதீர்கள்!